கம்பெனிக்குள் தகவல் தொடர்பு எதற்கு? கிருஷ்ணகிரி, தர்மபுரி தொழில்களை வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஆலைகளில் நிர்வாக வேலை பார்த்துக்கொண்டே, நேரம் கிடைக்கும்போது பி.காம்., பி.பி.ஏ. பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லித் தருகிறேன். மாணவர்கள் கேட்பதும், பத்து இருபது பேரை வைத்துத் தொழில் நடத்துபவர்கள் கேட்பதும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளாக இருப்பதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

பாடப்புத்தகத்தில் ஏழெட்டு நோக்கங்கள் போட்டிருக்கிறார்களே, உண்மையில் எது முக்கியம்?

புத்தகத்தில் இருப்பது தப்பில்லை. விவரம் தெரிவிப்பது, வேலையை ஏவுவது, துறைகளை ஒருங்கிணைப்பது, முடிவெடுக்கத் தேவையானதைத் திரட்டுவது, பயிற்சி தருவது, ஆட்களுக்கு ஊக்கம் கொடுப்பது, வெளியில் நல்ல பெயரைக் காப்பது என்று வரிசையாக இருக்கும். ஆனால் வேலை நடக்கும் இடத்தில் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: நீங்கள் சொன்னதைக் கேட்ட பிறகு யார், எதை, வேறு மாதிரி செய்தார்கள்?

ஜூன் மாதம் சீசன் உச்சத்தில் இருக்கும்போது "இன்று 12 லோடு பழம் வருகிறது" என்று காலையில் ஒருவர் எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறார். எடை மேடையில் இருப்பவருக்கு லாரி எத்தனை மணிக்கு வரும் என்று தெரிய வேண்டும். பழுக்க வைக்கும் அறையைப் பார்ப்பவருக்கு அது பெங்களூரா ரகமா அல்போன்சா ரகமா, காயா அரைப்பழமா என்று தெரிய வேண்டும். ஆள் அனுப்பும் மேஸ்திரிக்கு நைட் ஷிப்டுக்கு எத்தனை பேர் கூடுதலாக வேண்டும் என்று தெரிந்தால் போதும், லோடு கணக்கால் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. 12 லோடு என்ற செய்தி உண்மைதான், எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தும் விட்டது, ஆனால் அதை வைத்து மூன்று பேரில் ஒருவராலும் எதுவும் செய்ய முடியவில்லை. அனுப்பியவர் "நான்தான் காலையிலேயே சொல்லிட்டேனே" என்பார். அவரைப் பொறுத்தவரை கடமை முடிந்தது, வேலை அப்படியே நிற்கிறது.

நாங்கள் பத்து பேர்தான் இருக்கிறோம். எங்களுக்கு இதெல்லாம் தேவையா?

பத்து பேர் என்பது அவ்வளவு சின்ன எண்ணிக்கை இல்லை. 5 பேர் இருந்தால் இருவர் இருவராகப் பேசிக்கொள்ளும் வழிகள் 10. ஆள் எண்ணிக்கை 10 ஆனால் வழிகள் 45. 30 பேர் என்றால் 435. ஆட்கள் ஆறு மடங்கு கூடினால் பேச்சு வழிகள் நாற்பது மடங்குக்கு மேல் கூடுகின்றன.

ஓனர் ஒருவரே எல்லாவற்றையும் வாயால் சொல்லி நடத்தும் பட்டறை ஐந்து பேர் வரைக்கும் அருமையாக ஓடும். பத்தைத் தாண்டும்போது "என்கிட்ட யாரும் சொல்லலையே" என்ற வாக்கியம் அடிக்கடி காதில் விழ ஆரம்பிக்கும். அது கேட்க ஆரம்பித்தால் ஆளைத் திட்டாதீர்கள். எந்த விஷயத்தை யார் யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைக்கும் நேரம் வந்துவிட்டது, அவ்வளவுதான். பர்கூர், போச்சம்பள்ளி சிப்காட்டுகளில் பெரிய கம்பெனிகளுக்கு உதிரி வேலை செய்து கொடுக்கும் சிறிய யூனிட்டுகளுக்கு இது இன்னும் அவசரம், ஏனென்றால் அளவோ டெலிவரி தேதியோ மாறியது ஒருவருக்குத் தெரியாமல் போனால் அந்த லாட் முழுக்கத் திரும்பி வந்துவிடும்.

தெளிவாகச் சொன்னாலும் செய்ய மாட்டேன் என்கிறார்களே, ஏன்?

அமெரிக்காவில் நியூஜெர்சி பெல் தொலைபேசி நிறுவனத்தின் தலைவராக இருந்த செஸ்டர் பர்னார்ட் 1938-இல் இதற்கு ஒரு பதில் எழுதினார், இன்றைக்கும் அது எனக்குக் கைகொடுக்கிறது. ஓர் உத்தரவைக் கேட்பவர் ஏற்றுக்கொள்ள நான்கு விஷயங்கள் பொருந்தி வர வேண்டும் என்றார். சொன்னது புரிய வேண்டும். நிறுவனத்தின் நோக்கத்துக்கு அது முரணாக இல்லை என்று அவருக்குத் தோன்ற வேண்டும். தன் சொந்த நலனுக்கு மொத்தத்தில் ஒத்துவர வேண்டும். அப்புறம், உடலாலும் மனதாலும் அதைச் செய்ய அவரால் முடிய வேண்டும். அதிகாரம் உத்தரவு போடுபவரிடம் இல்லை, ஏற்றுக்கொள்பவரிடம்தான் இருக்கிறது என்பது அவர் வாதம்.

இதை நம் ஆலைக்குள் கொண்டுவந்து பாருங்கள். "பழத்தை மூன்று தரமாகப் பிரிச்சுப் போடுங்க" என்று சூப்பர்வைசர் சொல்கிறார். பிரிக்க உட்கார்ந்திருக்கும் அக்காக்களுக்கு இத்தனை பெட்டி முடித்தால் இத்தனை ரூபாய் என்று கூலி. மூன்றாகப் பிரித்தால் வேலை மெதுவாகும், கூலி குறையும். அப்போது அவர்கள் இரண்டாகப் பிரித்துவிட்டு மூன்றாவதை ஏதோ ஒன்றோடு சேர்த்துவிட்டால் அது பிடிவாதமா? பர்னார்ட் சொன்ன மூன்றாவது நிபந்தனை அங்கே அடிபட்டுவிட்டது. நீங்கள் மைக் வைத்துச் சொன்னாலும் நடக்காது, கூலிக் கணக்கைச் சரிசெய்தால் மெதுவாகச் சொன்னாலே நடக்கும்.

இன்னொன்று, காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். "அழுகல் பட்ட பழத்தைத் தனியா போடுங்க" என்பதைவிட "ஒரு பழத்தில் பூஞ்சை இருந்தால் அந்தக் கூழ் முழுக்க டெஸ்டில் அடிபடும், அதனால தனியா போடுங்க" என்பது நாலு வார்த்தைதான் கூட. காரணம் தெரிந்தவர் நீங்கள் சொல்லாத இடத்திலும் சரியாக முடிவெடுப்பார். லேசாகக் கறுத்த காம்போடு ஒரு பழம் வரும், அழுகலா இல்லையா என்று விதியில் இருக்காது, அவர் கையில் எடுத்துப் பார்த்து ஒதுக்கி வைப்பார்.

துறைக்குத் துறை பேசிக்கொள்வதே இல்லை. எல்லாம் மேனேஜர் வழியாகத்தான் போக வேண்டுமா?

வேண்டாம். ஹென்றி ஃபயோல் என்ற பிரெஞ்சு சுரங்கப் பொறியாளர் 1916-லேயே இதை யோசித்திருக்கிறார். படிப்படியான அதிகார வரிசை வேண்டும் என்று சொன்னவரே, இரண்டு துறைகளில் ஒரே மட்டத்தில் இருப்பவர்கள் நேராகப் பேசிக்கொள்ள நடுவில் ஒரு பலகை போட்டுக்கொள்ளலாம் என்றார். ஒரே நிபந்தனை, இருவரின் மேலதிகாரிகளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், அவர்களுக்குச் சம்மதமாக இருக்க வேண்டும்.

மாம்பழம் மாதிரி சரக்கில் இந்தப் பலகை இல்லாமல் தொழிலே நடக்காது. பழுக்க வைக்கும் அறையில் பழம் எதிர்பார்த்ததைவிட ஒரு நாள் முன்னாடியே கனிந்துவிட்டது என்று வையுங்கள். அறைக்காரர் தன் சூப்பர்வைசரிடம் சொல்லி, அவர் மேனேஜரிடம் சொல்லி, மேனேஜர் உற்பத்திப் பக்கம் சொல்லி, அது லைன் ஆபரேட்டருக்கு வந்து சேர்வதற்குள் பழம் தொளதொளவென்று ஆகிவிடும். "அண்ணா, மூணாம் நம்பர் ரூம் பழம் ரெடி, நாளைக்கு வச்சிருந்ததை இன்னைக்கே எடுத்துக்கங்க" என்று நேராக ஒரு போன், அப்புறம் இருவரும் தங்கள் மேலே இருப்பவருக்கு ஒரு வரி. அவ்வளவு போதும்.

ஆனால் நேராகப் பேசும்போது இரண்டு பக்கமும் ஒரே அளவில் பேச வேண்டும். கொள்முதல் செய்பவர் டன்னில் பேசுவார், மேஸ்திரி பெட்டியில் பேசுவார், டெஸ்பாட்சில் டிரம்மில் பேசுவார். அசெப்டிக் முறையில், அதாவது கிருமி புகாமல், அடைக்கும் கூழ் வழக்கமாக ஒரு டிரம்முக்கு 215 கிலோ. ஒரு டன் பழத்திலிருந்து எவ்வளவு கூழ் வரும் என்பது ரகத்துக்கு ரகம், தரத்துக்குத் தரம் மாறும். "இருபது வரும்" என்று ஒருவர் சொன்னால் இருபது என்ன என்று கேட்டுவிட வேண்டும், வெட்கப்படக்கூடாது.

கெட்ட செய்தி மட்டும் மேலே வருவதே இல்லை. என்ன செய்வது?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். மேலிருந்து கீழே சொல்வதை எந்த நிறுவனமும் எப்படியாவது கற்றுக்கொண்டுவிடுகிறது, சம்பளம் கொடுப்பவர் பேசினால் எல்லோரும் கேட்பார்கள். கீழிருந்து மேலே வருவது, அதிலும் "இது சரிப்படாது" என்ற செய்தி வருவது, தானாக நடக்காது. அதற்கு வழி அமைக்க வேண்டும், அமைத்த வழியை ஓனரே காப்பாற்ற வேண்டும்.

உலகமே பார்த்த ஓர் உதாரணம் சொல்கிறேன். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் கிளம்பி 73 நொடியில் வெடித்துச் சிதறியது, உள்ளே இருந்த 7 பேரும் இறந்தார்கள். ராக்கெட் பூஸ்டர்களின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையங்கள் கடுங்குளிரில் வேலை செய்யாமல் போகலாம் என்று பூஸ்டர்களைத் தயாரித்த மார்ட்டன் தியாகால் நிறுவனத்தின் பொறியாளர்கள் முந்தைய இரவே தொலைபேசிக் கூட்டத்தில் சொல்லியிருந்தார்கள், ஏவ வேண்டாம் என்று முதலில் பரிந்துரைக்கவும் செய்தார்கள். நாசாவின் பக்கம் இருந்து அழுத்தம் வந்ததும், அந்த நிறுவனத்தின் நிர்வாகிகள் தங்கள் பொறியாளர்களை ஒதுக்கிவிட்டுச் சரி என்று சொல்லிவிட்டார்கள். விசாரித்த ரோஜர்ஸ் ஆணையம் கண்டுபிடித்தது என்னவென்றால், ஏவும் முடிவை எடுத்த மேல்மட்டத்தினருக்கு அந்த முதல் பரிந்துரை தெரியவே இல்லை. விஷயம் தெரிந்தவர்கள் இருந்தார்கள், சொல்லவும் செய்தார்கள், ஒரு படிக்கட்டில் அது நின்றுவிட்டது.

நம் ஊர் ஆலையில் நடப்பது இவ்வளவு பெரியதில்லை, ஆனால் படிக்கட்டு அதேதான். பாய்லரில் ஒரு வால்வு லேசாகக் கசிகிறது என்று ஆபரேட்டருக்குத் தெரியும். சொன்னால் "சீசன்ல நிறுத்தச் சொல்றியா?" என்று கேட்பார்கள் என்றும் தெரியும். ஷிப்ட் முடிய இரண்டு மணி நேரம் இருக்கிறது, அடுத்த ஷிப்ட்காரன் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, போன தடவை சொன்னவருக்கு என்ன நடந்தது என்று அவர் பார்த்திருப்பார்.

டொயோட்டா தொழிற்சாலைகளில் அசெம்பிளி லைன் நெடுக ஒரு கயிறு போகும். பிரச்சினையைப் பார்த்த எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம், உடனே அந்த அணியின் தலைவர் ஓடி வந்து பார்ப்பார், வண்டி லைனில் குறித்த இடத்தை எட்டுவதற்குள் சரியாகவில்லை என்றால் லைன் நிற்கும். கயிறு வாங்க யாராலும் முடியும். இழுத்தவனைத் திட்டாமல், வந்து என்ன என்று கேட்பதுதான் அந்த முறையின் உயிர்.

நீங்கள் செய்யக்கூடியது என்ன? கெட்ட செய்தி கொண்டுவருபவரிடம் உங்கள் முதல் வாக்கியம் என்ன என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள். "சொன்னது நல்லதாப் போச்சு, எப்போ பார்த்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். யார் காரணம் என்ற கேள்வியை வேலை ஓட ஆரம்பித்த பிறகு கேட்டுக்கொள்ளலாம். சூப்பர்வைசர் மேலே சொல்லவில்லை என்றால் ஆபரேட்டர் நேராக யாரிடம் போகலாம் என்பதை எல்லோருக்கும் தெரியும்படி அறிவித்துவிடுங்கள். அப்புறம், சொன்னவருக்குப் பதில் போக வேண்டும். "பார்த்தோம், வால்வு மாத்தியாச்சு" என்றோ "பார்த்தோம், சீசன் முடியும் வரை தாங்கும் என்று பாய்லர் இன்ஜினியர் சொல்கிறார்" என்றோ. பதில் வராத இடத்தில் இரண்டாம் முறை யாரும் வாய் திறப்பதில்லை.

சிகாகோ பக்கத்தில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் ஹாத்தார்ன் ஆலையில் 1928 முதல் 1930 வரை 20,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் பேட்டி எடுத்தார்கள். முதலில் கேள்வித்தாள் வைத்துக் கேட்டார்கள், சரிப்பட்டு வரவில்லை. அப்புறம் அவர்கள் விரும்பியதைப் பேசவிட்டுக் கேட்க ஆரம்பித்தபோதுதான் உண்மையான மனக்குறைகள் வெளியே வந்தன. நூறு வருடம் ஆகப் போகிறது, இன்னும் நாம் "எல்லாம் ஓகே தானே?" என்று கேட்டுவிட்டு "ஓகே சார்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு போகிறோம்.

எங்கள் யூனிட்டில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, ஒடியா எல்லாம் பேசுகிறார்கள். எந்த மொழியில் சொல்வது?

நம் மாவட்டத்துக்கு இது புதிதில்லை. கிருஷ்ணகிரி, ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கமெல்லாம் வீட்டில் தெலுங்கு அல்லது கன்னடம், கடையில் தமிழ், உருது பேசும் குடும்பங்களும் நிறைய. இப்போது ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வருபவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். ஆலையில் மாட்ட வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 108-ஆவது பிரிவே சொன்னது. பெரும்பாலானோர் என்பது சட்டத்தின் குறைந்தபட்சம். அமிலக் கேனைத் தவறாகத் திறக்கப்போவது அந்தச் சிறுபான்மையில் ஒருவராகவே இருக்கலாம், அதனால் ஆபத்து சம்பந்தப்பட்டவை எல்லோர் மொழியிலும் படத்தோடும் இருக்க வேண்டும்.

படிக்கத் தெரியாதவர்களும் இருப்பார்கள். அவர்களிடம் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். "இப்ப என்ன செய்யப் போறீங்க, சொல்லுங்க" என்று கேளுங்கள், அல்லது ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். விமானிகள் கட்டுப்பாட்டு அறை சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்ற வழக்கம் கடுமையானதற்கு 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவில் ஓடுபாதையிலேயே இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்தது ஒரு பெரிய காரணம். விமானி தெளிவில்லாமல் ஒன்றைச் சொன்னார், கட்டுப்பாட்டு அறை "ஓகே" என்று ஆரம்பித்தது, இரண்டு பேரும் தாங்கள் நினைத்ததையே எதிரே இருப்பவரும் நினைப்பதாக எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு "டேக் ஆஃப்" என்ற சொல்லையே அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டும்தான் சொல்வது என்று ஆக்கினார்கள். ஆலையிலும் "நிறுத்து" என்பதற்கு எல்லா மொழிக்காரர்களுக்கும் பொதுவாக ஒரே சொல், ஒரே சைகை வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் குரூப் ஒன்று போட்டுவிட்டால் போதாதா?

உதவும், போதாது. அவசரத்துக்கு அது நல்லது, போட்டோ அனுப்ப அருமை, லாரி டிரைவர் எங்கே இருக்கிறார் என்று பார்க்க அதைவிட வசதியானது இல்லை. கஷ்டம் என்னவென்றால், ஒரே குரூப்பில் குட்மார்னிங் படமும் பிறந்தநாள் வாழ்த்தும் ஷிப்ட் மாற்றமும் ஒன்றன் கீழ் ஒன்றாக வருகிறது, இரண்டு நீல டிக் விழுந்தால் படித்துவிட்டார்கள் என்று நாம் நம்பிவிடுகிறோம். வேலைக்கான குரூப்பில் வேலை மட்டும் இருக்கட்டும். செய்ய வேண்டியவரின் பெயரைப் போட்டுக் கேளுங்கள், "யாராவது பார்த்துக்கங்க" என்று போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். விலை, அளவு, தேதி இவை மூன்றும் குரூப்பில் பேசி முடிவானால் அன்றைக்கே ஒரு மெயிலிலோ ரிஜிஸ்டரிலோ ஏற்றிவிடுங்கள். ஒருவரைக் கண்டிப்பது குரூப்பில் ஒருபோதும் வேண்டாம்.

எதை எல்லாம் கட்டாயம் எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்?

பணம், தேதி, அளவு, தரம், புகார்.

சிறு தொழில் செய்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம். உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) வைத்திருக்கும் குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக்கூடாது. எழுத்தில் எதுவும் இல்லை என்றால் 15 நாள்தான். தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. சரக்கில் குறை இருக்கிறது என்று வாங்கியவர் சொல்வதாக இருந்தால் டெலிவரி ஆன 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. போனில் "சரக்கு கொஞ்சம் சுமார்தான்" என்று இழுத்தது அங்கே செல்லாது. ஒரே ஒரு பக்கத்துக் கடிதம் இரு தரப்புக்கும் எவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது பாருங்கள்.

மெயில், வாட்ஸ்அப் இவற்றை நீதிமன்றம் ஏற்குமா என்று கேட்கிறார்கள். ஏற்கும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவு சொல்லும் சான்றிதழோடு கொடுக்க வேண்டும். அதனால் செய்திகளை அழிக்காதீர்கள், ஸ்கிரீன் ஷாட்டை மட்டும் நம்பாதீர்கள், போனையும் பத்திரமாக வையுங்கள்.

புகார் என்று சொன்னேன் இல்லையா, பெண்கள் வேலை செய்யும் இடங்களுக்கு இது மிக முக்கியம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும், அதைப் பற்றிய அறிவிப்பு கண்ணில் படும் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும், எழுத முடியாதவருக்கு எழுதித் தர உதவுவது குழுவின் கடமை. 10 பேருக்குக் குறைவான இடங்களில் வேலை செய்பவர்கள் மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். மாங்கூழ் ஆலைகளில் சீசனுக்கு வரும் பெண்கள்தான் அதிகம், இந்த விவரம் அவர்களுக்கு முதல் நாளே வாயால் சொல்லப்பட வேண்டும். சுவரில் மாட்டியது மட்டும் போதாது.

மீட்டிங் எவ்வளவு நேரம் நடத்தலாம்?

நின்றுகொண்டே பத்து நிமிடம், ஷிப்ட் மாறும் நேரத்தில், போகிறவரும் வருகிறவரும் இருவருமே இருக்கும்போது. உட்கார்ந்து பேச வேண்டிய கூட்டம் என்றால் என்ன முடிவு எடுக்கப் போகிறோம் என்று முன்னாடியே சொல்லுங்கள். முடிவு எடுக்க எதுவும் இல்லை என்றால் கூட்டம் வேண்டாம்.

ஆலை மூடப் போகிறது, சம்பளம் குறையப் போகிறது என்று வதந்தி பரவுகிறது. எப்படி நிறுத்துவது?

வதந்தியை நிறுத்த முடியாது, அது நிரப்பிய இடத்தை நீங்கள் நிரப்பலாம். 1953-இல் கீத் டேவிஸ் என்பவர் ஒரு நிறுவனத்துக்குள் செய்தி வாய்வழியாக எப்படிப் பரவுகிறது என்று தேடிப் பார்த்து எழுதினார். கேள்விப்படுபவர்கள் நிறைய, ஆனால் அடுத்தவருக்குக் கடத்துபவர்கள் கொஞ்சம் பேர்தான் என்பது அவர் கண்டது. உங்கள் யூனிட்டிலும் அந்தக் கொஞ்சம் பேர் யார் என்று உங்களுக்கே தெரியும், டீ போடும் இடத்திலும் கேட்டிலும் இருப்பார்கள். அவர்களை விரட்டாதீர்கள், உண்மையான செய்தியை அவர்களுக்கு முதலில் சொல்லுங்கள்.

தெரிந்ததைச் சொல்லுங்கள், இன்னும் முடிவாகாததை முடிவாகவில்லை என்று சொல்லுங்கள், எப்போது முடிவாகும் என்று ஒரு தேதி கொடுங்கள். அந்தத் தேதியில் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை என்றாலும் வந்து நின்று பேசுங்கள். சீசன் முடிந்து ஆகஸ்டில் வேலை இருக்குமா இருக்காதா என்பது ஒருவருக்குப் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ், இன்னொருவருக்கு ஒடிசாவுக்கு டிக்கெட். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

பரீட்சைக்கு இதை எப்படி எழுதுவது?

புத்தகத்தில் இருக்கும் நோக்கங்களை எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் நம் ஊரில் நீங்கள் பார்த்த உதாரணம் ஒன்று சேருங்கள். ராயக்கோட்டை தக்காளி மார்க்கெட், தர்மபுரி பட்டுக்கூடு ஏல மையம், ஓசூர் பூந்தோட்டம், எதுவும் ஆகும். பட்டுக்கூட்டை எடுத்துக்கொண்டால், எல்லோர் முன்னிலும் ஏலம் கேட்கப்படுவதால் விவசாயிக்குத் தன் கூட்டின் விலை எப்படி உருவாகிறது என்று கண்ணெதிரே தெரிகிறது, முடிவெடுக்க உதவும் தகவல் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம்.

எனக்கு இங்கிலீஷ் சரியாக வராது. ஓசூர் கம்பெனியில் வேலை கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கொஞ்சம் கற்றுக்கொண்டே ஆக வேண்டும், அதை மறைக்க விரும்பவில்லை. மெயில், டிராயிங், மெஷின் மேனுவல் எல்லாம் ஆங்கிலத்தில்தான் வரும். ஆனால் லைனில் நிற்பவருக்கு முதலில் வேண்டியது சரளமான பேச்சு இல்லை. என்ன ஆயிற்று, எப்போது, எந்த மெஷினில், எத்தனை பீஸ், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஐந்து விஷயத்தை வரிசையாகச் சொல்லத் தெரிய வேண்டும். அதைத் தமிழில் வரிசையாகச் சொல்லத் தெரிந்தவர் ஆறு மாதத்தில் ஆங்கிலத்திலும் சொல்லிவிடுவார். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் இதை அழகாகச் செய்வதைப் பார்க்கும்போது அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. தினமும் ஷிப்ட் முடிந்ததும் அன்றைக்கு நடந்ததை அந்த ஐந்து விஷயமாக ஒரு நோட்டில் எழுதிப் பழகுங்கள்.

நாங்கள் பழம் வாங்கும் ஆலை. விவசாயிகள் கேட்டில் சண்டை போடுகிறார்கள். அவர்களிடம் எப்படிப் பேசுவது?

வெளியாட்களோடு பேசுவதும் கம்பெனியின் தகவல் தொடர்புதான், நம் மாவட்டத்தில் அதில்தான் அதிகம் சிக்கல். வருடா வருடம் பெங்களூரா விலை விழும்போது ஆட்சியர் அலுவலகம் வரை போய் விவசாயிகள், ஆலைகள், அதிகாரிகள் மூவரும் உட்கார்ந்து பேசும் நிலை வருகிறது. விலை குறைந்தது ஒரு வலி. காலையில் போன் பண்ணிக் கேட்டபோது ஒரு விலை, லோடு ஏற்றிக்கொண்டு பத்து மணி நேரம் லாரியோடு வரிசையில் நின்ற பிறகு வேறு விலை என்பது அதைவிடப் பெரிய வலி, ஏனென்றால் பறித்த காயைத் திருப்பிக் கொண்டுபோய் மரத்தில் ஒட்ட முடியாது.

ஆகவே கேட்டில் ஒரு போர்டு வையுங்கள், அதையே போட்டோ எடுத்துக் காலை ஆறு மணிக்கு முன்னால், காய் பறிக்க ஆள் இறங்குவதற்கு முன்னால், விவசாயிகளுக்கு அனுப்பிவிடுங்கள். இன்றைய விலை ரகவாரியாக, டன்னுக்கா கிலோவுக்கா என்று தெளிவாக. எடையில் கழிவு எவ்வளவு, எதற்காக. இன்று எத்தனை லோடு எடுப்போம், இப்போது வரிசையில் எத்தனை நிற்கிறது. டோக்கன் வாங்கியவருக்கு எந்த நேரத்துச் சுற்று. பணம் எந்தத் தேதியில் கணக்கில் ஏறும். கழிவில் சந்தேகம் இருந்தால் யாரைப் பார்ப்பது, அவர் எத்தனை மணி வரை இருப்பார். காலையில் அறிவித்த விலை அன்று டோக்கன் வாங்கிய எல்லோருக்கும் பொருந்தும், நடுவில் மாறாது என்ற ஒரு வரியையும் அதிலேயே பெரிய எழுத்தில் எழுதுங்கள், எழுதியபடி கொடுங்கள்.